அப்பாவின் சுங்கான்



வேதியியல் படித்தவன் என்பதால், "லேப் சம்பந்தமா ஏதாவது பேசுங்க" என்றார் செயலாளர். நான் சுங்கான் சுத்தம் செய்த கதையைச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கத்தான் கூடாது, பேசலாம்.

என் அப்பா குறிஞ்சிப்பாடியிலிருந்து நெய்வேலிக்குச் சைக்கிளில் வேலைக்குப் போனவர். 1961 ஆகஸ்டில் முதல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி தென்பட்டபோது அங்கே ஹெல்பர். மண்ணை வாரும் பெரிய சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவற்றோடு வந்த ஒரு இன்ஜினியர், ஊர் திரும்பும்போது தன் சுங்கானை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் 'பைப்பு' என்பார்கள். அப்பாவுக்கு அது சுங்கான்தான். அதை வாயில் வைத்துக்கொண்டு அவர் வந்தால் எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஒரு நொடி நிற்கும் என்பார் அம்மா. கொஞ்சம் மிகைதான்.

ஒருநாள் புகைத்தால் மறுநாள் அதைக் காயவிட வேண்டும். அன்றைக்குப் பீடி! சூடாக இருக்கையில் காம்பைத் திருகக் கூடாது. மூட்டு தளர்ந்துவிடும், மரம் கீறினாலும் கீறும். சின்ன வயதில் ஒருதரம் திருகி, தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். உள்ளே துடைக்கக் கடைக் கம்பியெல்லாம் ஏது? ஈர்க்குச்சியில் தறி நூலைச் சுற்றிக்கொள்வார். கிண்ணத்துக்குள் படியும் கரியை ஒரு காசின் கனத்துக்கு மேல் ஏறவிடமாட்டார், முழுதாகச் சுரண்டவும் மாட்டார். அந்தக் கரிதான் மரத்தைச் சூட்டிலிருந்து காப்பது. ஆனால் கனத்துப்போனால் கரியும் மரமும் ஒரே அளவில் விரியாது, மரம் வெடித்துவிடும். இந்தக் காரணம் எனக்கு இங்கே படித்த பிறகுதான் புரிந்தது. அப்பாவுக்குக் காரணம் தெரியாது, கை தெரியும்.

மூச்சிரைப்பில் கிடந்து 1997இல் அவர் போனார். புகைதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். தம்பிகளே, அதை மறைத்துப் பேச நான் வரவில்லை.

காரியம் முடிந்ததும் சுங்கானை எடுத்தேன். மத்தியதரைக் கடலோரத்துப் புதர் ஒன்றின் வேர்க்கட்டை அது, பிரையர் என்பார்கள். கிண்ணம் நிறைய உப்பைக் கொட்டி, சாராயச் சத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு இரவு வைத்தேன். வெள்ளை உப்பு டிக்காஷன் நிறமாகிவிட்டது. முப்பத்தைந்து வருடத் தாரும் வந்துவிட்டது! பெருமையோடு அம்மாவிடம் நீட்டினேன். மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"என்னடா பண்ணின? அவரு வாசனையே இல்லியே."

எனக்கு வாய் திறக்கவில்லை.

காம்பு மட்டும் பாக்கி இருந்தது. அது எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெயில் பட்டுப் பட்டுப் பச்சை பூத்திருந்தது. நைஸ் உப்புத்தாளால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தாளை நனைத்துவிட்டேன். அப்போதுதான் நுனியில் அப்பாவின் பல் பதிந்த இரண்டு பள்ளங்களைப் பார்த்தேன்.

தாளைக் காயவைத்துப் பெட்டியில் போட்டேன். காம்பு இன்றைக்கும் பச்சையாகத்தான் இருக்கிறது.