கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்பகத்தில் வைத்த சிலிகான் பையை வெளியே எடுக்கும்போது ஒரு பெண்ணுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு? இதுதான் இன்றைய தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் வீட்டில் சிலர் அலைவரிசையை மாற்றக் கை நீட்டியிருப்பீர்கள். "இது நடிகைகள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்றும் சிலர் நினைக்கலாம்.

நமக்கும் தேவைதான். மலேசியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கையைப் பாருங்கள். இந்நோய் காணும் விகிதத்தில் சீனப் பெண்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்கள் நம் இந்தியப் பெண்கள். நோய்க்காக மார்பகத்தை இழந்த பிறகு, அந்த இடத்தைச் சீரமைக்க மருத்துவர்கள் சிலிகான் பை வைப்பது உண்டு. அப்படி வைத்துக்கொண்டவர் உங்கள் சித்தியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு ஆசிரியையாக இருக்கலாம். அழகுக்காக வைத்துக்கொண்டவரும் இருக்கலாம். இரு தரப்புக்கும் நோயாளி என்ற முறையில் உரிமை ஒன்றுதான். "நீயாகத் தேடிக்கொண்டது" என்று சொல்லி யாரும் அதைக் குறைத்துவிட முடியாது.

ஏன் எடுக்க வேண்டி வருகிறது?

இந்தப் பைகள் ஆயுள் முழுவதும் நிலைப்பவை அல்ல என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தெளிவாகச் சொல்கிறது. ஆண்டுகள் கூடக் கூட, சிக்கல் வரும் வாய்ப்பும் கூடும். பை உள்ளே போனதும், உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டுகிறது. சிலருக்கு அந்த உறை இறுகி, மார்பு கல்போல் ஆகி வலி எடுக்கும். சிலருக்குப் பை கிழியும். சிலிகான் பை கிழிந்தால் பல நேரங்களில் வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. அதனால்தான் அறிகுறி இல்லாதவர்களும் ஐந்தாறு ஆண்டுகளில் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்துகொண்டு, பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர வேண்டும் என்று அந்த நிர்வாகம் பரிந்துரைக்கிறது.

தயாரிப்பாளரே ஏமாற்றியதும் உண்டு. பிரான்ஸில் பி.ஐ.பி. என்ற நிறுவனம், மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலை சிலிகானை அடைத்துப் பல நாடுகளுக்கு விற்றது. 2010-இல் குட்டு வெளிப்பட்டது. 2013-இல் அதன் நிறுவனர் ஜான் குளோட் மாஸுக்கு 4 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசாங்கம், இந்தப் பையை வைத்திருக்கும் சுமார் 30,000 பெண்களும் முன்னெச்சரிக்கையாக அதை எடுத்துவிடுவது நல்லது என்றது. பிரிட்டனோ, எல்லோரும் எடுக்க வேண்டிய அவசியமில்லை, மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள் என்றது. ஒரே பைதான். இரண்டு நாட்டு நிபுணர்கள், இரண்டு விதமான அறிவுரை. அப்படியென்றால் கடைசி முடிவு யாருடையது? அந்தப் பை யாருடைய உடம்பில் இருக்கிறதோ, அவருடையது.

2019 ஜூலையில் இன்னொரு செய்தி வந்தது. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட பயோசெல் வகைப் பைகளை அல்லர்கன் நிறுவனம் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. பையைச் சுற்றியுள்ள உறையில் வரக்கூடிய ஓர் அரிய லிம்போமா புற்றுநோய்தான் காரணம். ஆனால் அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் பயந்து போய் எடுக்கத் தேவையில்லை என்றே சொல்லப்பட்டது. பல ஆண்டுகள் கழித்துத் திடீரென ஒரு பக்கம் வீங்கினாலோ, கட்டி தென்பட்டாலோ, வலி நீடித்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, பையையும் உறையையும் முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

ஆகவே, முதல் கேள்வி "எடுக்கட்டுமா?" என்பதல்ல. "என் உடம்பில் இருப்பது எந்த நிறுவனத்தின் பை, எந்த வகை, எந்த வருடம் வைத்தது?" இதைச் சொல்லும் அட்டையைப் பல நிறுவனங்கள் தருகின்றன. அது கையில் இல்லையென்றால், வைத்த மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி விவரம் கேளுங்கள். தாய்லாந்துக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தவர்களும் இதைச் செய்யலாம்.

எடுப்பதிலும் பல வழிகள்

"எடுத்துவிடலாம்" என்பது கேட்க ஒரு சொல்தான். அதற்குள் பல முடிவுகள் இருக்கின்றன. பையை மட்டும் எடுப்பதா, உறையையும் சேர்த்து எடுப்பதா? வேறு பை வைப்பதா, வேண்டாமா? தொங்கும் தோலைத் தூக்கிச் சீரமைப்பதா, அப்படியே விடுவதா?

உறையைத் துண்டுபடாமல் பையோடு முழுதாக எடுக்கும் பெரிய அறுவைச் சிகிச்சையைச் சிலர் எல்லோருக்கும் கட்டாயம் என்பது போல விளம்பரம் செய்கிறார்கள். நான் சொன்ன அந்தப் புற்றுநோய் உறுதியானவர்களுக்கு அது அவசியம். மற்றவர்களுக்கு எப்போதும் அவசியமில்லை. உறை நெஞ்சுக்கூட்டோடு ஒட்டியிருந்தால், அதை உரித்தெடுக்கும்போது இரத்தப் போக்கும், நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகும் ஆபத்தும் உண்டு. அதிகம் அறுப்பதால் அதிகம் நன்மை என்று கணக்குப் போட முடியாது.

இன்னொரு பக்கம், சோர்வு, மூட்டுவலி, ஞாபக மறதி என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்கள் இருக்கிறார்கள். பைதான் காரணம் என்று காட்டும் பரிசோதனை இதுவரை இல்லை. எடுத்த பிறகு நலமானதாகச் சொல்பவர்கள் உண்டு. மாற்றம் காணாதவர்களும் உண்டு. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று விரட்டும் மருத்துவரும் சரியில்லை, "எடுத்தால் எல்லாம் பறந்து போகும்" என்று சத்தியம் செய்பவரும் சரியில்லை. இருப்பதை இருக்கிறபடி சொல்பவரிடம் போங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் ஒரு வழக்கு நடந்தது. 1982-இல் கார் விபத்தில் கழுத்தில் அடிபட்ட ஃபூ ஃபியோ நா என்ற பெண், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைகால் செயலிழந்து போனார். இந்த ஆபத்தைத் தமக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. உயர்நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்து 24 ஆண்டுகள் கழித்து!

அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்: எந்த ஆபத்தை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டும் முடிவு செய்ய முடியாது. அந்த நோயாளியின் நிலையில் இருப்பவருக்கு எது முக்கியமோ, அதைச் சொல்லியாக வேண்டும். ஆகவே பாரத்தில் கையெழுத்து இருப்பதாலேயே சம்மதம் முழுமையாகிவிடாது. புரிந்து போட்ட கையெழுத்துதான் சம்மதம்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா புற்றுநோய்க்குப் பின் வைத்த பையை, இறுகிப்போனதால் எடுத்தார். மருத்துவர் விளக்கம் சொன்னது அவருடைய கணவருக்கு. தலையாட்டியதும் கணவர்தான். அக்கா கையெழுத்து மட்டும் போட்டார். வீட்டுக்கு வந்த பிறகு, "என் உறையையும் எடுத்தார்களா? எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா?" என்று அவர் கேட்டபோது, வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை. கையிலிருந்த காகிதத்திலும் பதில் இல்லை. அறுவைச் சிகிச்சை அறிக்கையைக் கேட்டு வாங்கலாம் என்பதே அவருக்கு அப்போது தெரியாது.

சகோதரிகளே, வயது வந்து, சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் சிகிச்சைக்கு அவர் சம்மதமே சம்மதம். கணவரோடு கலந்து பேசுவது குடும்பத்துக்கு அழகு. ஆனால் அவருடைய கையெழுத்து உங்கள் கையெழுத்துக்கு ஈடாகாது. மயக்க மருந்து கொடுக்கும் வரையில் "வேண்டாம், நான் இன்னும் யோசிக்கிறேன்" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்

கேள்வி கேட்பது என் தொழில். அதனால் நான் உங்களுக்குத் தரக்கூடியதும் கேள்விகள்தான்:

ஒன்று, நீங்கள் பதிவு பெற்ற பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணரா? தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

இரண்டு, எதை எடுக்கப் போகிறீர்கள், எதை விடப் போகிறீர்கள், ஏன்?

மூன்று, எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்?

நான்கு, எடுத்த பிறகு மார்பு எப்படி இருக்கும்? உங்களிடம் சிகிச்சை பெற்றவர்களின் படங்கள் உண்டா?

ஐந்து, உறையையும், நீர் கோத்திருந்தால் அந்த நீரையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவீர்களா?

ஆறு, எடுத்த பையின் படமும் வரிசை எண்ணும் அறிக்கையில் இருக்குமா?

ஏழு, மொத்தச் செலவு எத்தனை வெள்ளி? தனியார் மருத்துவமனையில் உத்தேசச் செலவை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். காப்புறுதி நிறுவனம் எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அழகுக்காகச் செய்ததற்குப் பொதுவாகக் காப்புறுதி கிடைக்காது.

பதில் திருப்தியில்லையா? இரண்டாவது மருத்துவரைப் பாருங்கள். அது முதல் மருத்துவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

தவறு நடந்துவிட்டால், முதலில் மருத்துவமனையிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் புகாரைக் கவனிக்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் சுகாதார அமைச்சு இருக்கிறது. மருத்துவரின் நடத்தை பற்றி மலேசிய மருத்துவ மன்றத்திடமும், பையிலேயே கோளாறு என்றால் மருத்துவச் சாதன ஆணையத்திடமும் சொல்லலாம். வழக்குப் போடவும் காலவரம்பு உண்டு. பொதுவாகத் தனியாருக்கு எதிராக 6 ஆண்டு. அரசாங்க மருத்துவமனை என்றால் 36 மாதம்தான். கூச்சத்தில் நாளைக் கடத்தினால் உரிமையும் கடந்து போய்விடும்.

அரங்கில் உள்ள ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மனைவியோ, தாயோ, சகோதரியோ மருத்துவரிடம் போகும்போது கூடவே போங்கள். குறிப்பெடுங்கள், மறந்த கேள்வியை ஞாபகப்படுத்துங்கள். பதிலை மட்டும் அவரே சொல்லட்டும். எடுத்துவிடுகிறேன் என்றாலும், மாற்றி வைக்கிறேன் என்றாலும், இனி எதுவும் வேண்டாம், தட்டையாகவே இருக்கட்டும் என்றாலும், தொல்லையில்லை, உள்ளேயே இருக்கட்டும் என்றாலும், அது விவரம் தெரிந்து எடுத்த முடிவாக இருந்தால் அதுவே சரியான முடிவு.

விளக்கம் கேட்கும் நோயாளியை நல்ல மருத்துவர் வெறுப்பதில்லை. தயங்காமல் கேளுங்கள், புரியும் வரை கேளுங்கள், பிறகு பேனாவை எடுங்கள்.