நவராத்திரி மண்டபமும் பாறசாலைப் பொன்னம்மாளும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டவர்கள் இந்த அவையிலே பலர் இருப்பீர்கள். அங்கே கல்தூண்கள் தாங்கி நிற்கும் நவராத்திரி மண்டபம் ஒன்றுண்டு. ஆடலும் பாடலும் நடந்த இடம். அரண்மனைப் பெண்டிர் பிறர் கண்ணிற் படாமல், மரத்தடுப்பின் துளைகள் வழியே அவற்றைக் கண்டு மகிழ்ந்தனர். அந்தத் துளைகளைச் சற்றே நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

1795இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. பின்னாளில் விழாவும் அங்கே சென்றது. ஆயினும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவி குடிபெயரவில்லை. ஆண்டுதோறும் யானைமீது சென்று, விழா முடிந்ததும் வீடு திரும்புகிறாள். கம்பர் வழிபட்ட திருமேனி என்பது வழிவழி வந்த செய்தி. சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குமாரகோயில் முருகனும் உடன் செல்வர். முதல் இரவு குழித்துறை. மறுநாள் களியக்காவிளை கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை. 1956இல் கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லையிலே இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து நிற்க, தேவி கடந்து செல்கிறாள்.

திருவனந்தபுரத்துக் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபமும் பெரிய அரங்கன்று. ஒன்பது மாலைகள் அங்கே கச்சேரி. முல்லைமூட்டுப் பாகவதர்கள் தோடய மங்களம் பாடித் தொடங்கி வைப்பர். பின்னர், சுவாதித் திருநாள் மகாராஜா (1813-1846) இயற்றிய ஒன்பது கீர்த்தனைகளுள் அன்றைக்குரியது விரிவாகப் பாடப்பெறும். முதல் நாள் சங்கராபரணம், மறுநாள் கல்யாணி, நிறைவு நாளில் ஆரபி. கைதட்டுதல் கூடாது. (நம் சங்க விழாவிலும் ஒரு மணி நேரமாவது இவ்விதி இருந்தால் எவ்வளவு நன்று!)

கேட்பவள் கலைமகள், அவள் முன் பாடுவோர் மட்டும் ஆண்களாகவே இருந்தனர்.

பொன்னம்மாள் 1924இல் பாறசாலையிலே பிறந்தவர். திருவனந்தபுரத்தில் இசைக் கல்லூரி தொடங்கிய காலத்தில் அங்கே சேர்ந்த முதல் மாணவி இவரே. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், பாபநாசம் சிவன், செம்மங்குடி சீனிவாச ஐயர் ஆகிய பெருமக்களிடம் பயின்றார். அக்கல்லூரியிலேயே ஆசிரியையானார். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். நெய்யாற்றின்கரை வாசுதேவன் இவரிடம் பயின்றவர்.

ஆண் மாணாக்கர் அம்மண்டபத்திலே பாடலாம். பாடம் சொல்லிக் கொடுத்த அம்மையார் பாடலாகாது! என்ன நியாயம் ஐயா இது? 2006ஆம் ஆண்டு நவராத்திரியிலேதான் இவ்வழக்கம் விலகிற்று. பொன்னம்மாள் முதற் பெண்மணியாக அங்கே அமர்ந்து தேவியின் முன் பாடினார். அப்போது வயது 81. குரல் தழைத்திருக்க வேண்டிய நாற்பது ஐம்பது ஆண்டுகளை அந்த மண்டபம் இழந்துவிட்டது என்றே நான் சொல்வேன். அவருக்குப் பின் வேறு பெண்களும் அங்கே பாடினர். 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2021 ஜூனில் தம் 96ஆம் வயதில் மறைந்தார்.

அடுத்த நவராத்திரிக்கு ஊர் செல்லும் அன்பர்கள், பாறசாலைச் சாலையோரத்தில் நின்று அந்த ஊர்வலத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பத்மநாபபுரத்திற்கும் அழைத்துச் சென்று அந்தத் துளைகளைக் காட்டுங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள்; அரண்மனை அன்று அடைத்திருக்கும்.