சங்கீத மண்டபம் இலாபந் தருமா?

(சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது ஊரில் சங்கீத மண்டபமொன்று எழுப்பவேண்டுமென்னும் யோசனை இன்று நம்முன் வந்திருக்கின்றது. எண்ணம் மேலானதே. ஆயினும், ஏழை மாணாக்கருக்கென நம் முன்னோர் சேர்த்துவைத்த கல்வி நிதியை ஈடுகாட்டியன்றோ கடன் வாங்கவேண்டும்? ஆதலின் கணக்குப் பாராது கைவைத்தல் தகாது.

50 இலட்ச ரூபாய் நூற்றுக்குப் பத்து வட்டியில் வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டு வட்டி 5 இலட்சம். ஆண்டில் 25 கச்சேரிகள் நடப்பின், ஒவ்வொன்றின் தலையிலும் 20,000 ரூபாய் வட்டி விழும். 200 ரூபாய்ச் சீட்டில் 300 ஆசனங்களும் நிறைந்தால் வரவு 60,000. பாதி நிறைந்தால் 30,000. எஞ்சும் பதினாயிரத்தில் வித்துவான் சம்மானமும், பக்கவாத்தியமும், மின்சாரமும் எங்ஙனம் அடங்கும்? முதலை அடைப்பது எப்போது?

கலியாணங்களுக்கு வாடகைக்கு விடலாமென்பர். விடலாம், அப்பொழுது முகூர்த்த நாட்களில் கச்சேரிக்கு இடமிராது. கலியாணமில்லாத மாதங்கள் ஆடியும் மார்கழியும். மார்கழியிலோ பெரிய வித்துவான்கள் சென்னைச் சபைகளில் இருப்பர். நமக்கு எஞ்சுவது ஆடியே.

சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் தோன்றியது. அதன் சொந்த அரங்கம் திறக்கப்பட்டது 1962-இல். முதலிற் சேர்ந்தவர் ரசிகர், பின்னரே கட்டடம்.

நாமும் இரண்டாண்டு வாடகை மண்டபத்திற் கச்சேரி நடத்துவோம். ஆண்டுச் சந்தா செலுத்துவோர் இருநூற்றுவர் நிலைத்து நிற்பாராயின், மண்டபத்தைப் பற்றி மீண்டும் கூடி யோசிப்போம். அதுவரை கல்வி நிதி கல்விக்கே ஆகுக.