பிள்ளையைப் பிரிக்க வேண்டாம், பலகையை மாற்றுங்கள்!

(மாத்தளையில் நடைபெற்ற பெற்றோர் - ஆசிரியர் கூட்டமொன்றில் பாடசாலைத் தளபாட வடிவமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் ஆசிரியனல்லன். மேசை, வாங்கு, கரும்பலகை, எழுத்தட்டை ஆகியவற்றை வடிவமைப்பது என் தொழில். இத்தகைய ஒருவனுக்குக் கல்வியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் படித்த தோட்டப் பாடசாலையில் ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே மண்டபம், ஒரே கரும்பலகை. காலை வெயில் சாளரத்தின் வழியே அப்பலகையின் மீது விழும். அப்போது வலப்புற வாங்கில் இருப்பவர்களுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பளபளப்பு ஒன்றே தெரியும். அந்த வாங்கில் இருந்த என் தோழன் நாள்தோறும் அடி வாங்கினான். 'மண்டு' என்று பெயரெடுத்தான். மூன்றாந் தரத்தோடு நின்று, கொழுந்துச் சாக்குத் தூக்கப் போனான். பலகையை இரண்டடி நகர்த்தினால் போதும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் இடப்புறத்தில் இருந்தேன்.

'உட்படுத்தற் கல்வி' என்ற சொல் இக்காலத்தில் பெரிதும் பேசப்படுகிறது. 1994 ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுச் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, அங்கக் குறைபாடுள்ள பிள்ளைகளும் ஏனைய பிள்ளைகளோடு வழமையான பாடசாலைகளிலேயே கற்க வேண்டும் என்று பறைசாற்றினார்கள். நன்று. ஆனால் வாசலுக்கு வெளியே நிற்பது எத்தகையது என்பதை மலையகத் தமிழனுக்கு ஸ்பெயினிலிருந்து எவரும் வந்து விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்க வேண்டும் என்று 1907 இலேயே சட்டம் பிறந்தது; நடைமுறையில் அது பெரும்பாலும் துரையின் தயவாகவே இருந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1960, 61 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அப்போதும் அவை வெளியேதான். எழுபதுகளில்தான் வாசல் திறக்கத் தொடங்கிற்று. இப்படி ஒரு சமுதாயமாக வெளியே நின்ற நாம், இன்று உள்ளே வந்த பிறகு, நம்முள்ளேயே சில பிள்ளைகளை லயத்துக் காம்பராவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிறோமே, இது தகுமா?

இனி, ஆசிரியர்களோடு ஒரு வழக்குப் பேச வேண்டும். 'கற்றல் பாணி' என்றொரு கொள்கை கருத்தரங்குகளில் உலவுகிறது. ஒரு பிள்ளை கண்ணால் கற்பவன், ஒருவன் காதால் கற்பவன், ஒருவன் கையால் கற்பவன். வினாத்தாள் கொடுத்து இனம் பிரித்து, அவரவர் இனத்துக்கேற்பப் பாடம் நடத்த வேண்டும் என்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. நானும் பல ஆண்டுகள் நம்பினேன்; மூன்று நிறப் பெட்டிகளில் மூன்றுவகை அட்டைகள் செய்து கொடுத்துக் கூலியும் வாங்கினேன். 2008 இல் ஹரல்ட் பாஷ்லர் முதலிய அமெரிக்க உளவியலாளர் நால்வர் இக்கொள்கையின் சான்றுகளைத் துருவி ஆராய்ந்தார்கள். 'கண் இனம்' என்ற பிள்ளைகளிற் பாதிப்பேருக்குப் படத்தாலும் பாதிப்பேருக்குப் பேச்சாலும் கற்பியுங்கள். 'காது இனத்தாருக்கும்' அவ்வாறே செய்யுங்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே பரீட்சை வையுங்கள். தத்தம் இனத்துக்கேற்ற முறையில் கற்றவர்கள் மேம்பட்டு நின்றால் கொள்கை உண்மை. இப்படி முறையாகச் செய்த சோதனைகளே மிகச் சில. அவற்றுள்ளும் பல அதற்கு மாறான முடிவையே தந்தன. பிள்ளைகளுக்கு விருப்பங்கள் உண்டு, வேறுபாடுகளும் உண்டு. ஆனால் இனம் பிரித்துக் கற்பித்தால் நன்மை விளையும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

இந்நகரை அடுத்துள்ள அளுவிகாரையை நினைத்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகச் செவிவழியே காத்து வந்த பௌத்த மறைகளைப் பஞ்சமும் போரும் சூழ்ந்த காலத்தில், கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், பிக்குகள் ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. அவர்கள் 'காது இனத்தவர்' என்று எவரும் விலக்கவில்லை. தேவை மாறிற்று, கருவியை மாற்றினார்கள். நம் வீட்டு வழக்கம் மட்டும் என்ன? விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது ஐயர் பிள்ளையின் விரலைப் பற்றி அரிசியில் 'அ' எழுதுவிக்கிறார். விரல் உணர்கிறது, வாய் சொல்கிறது, காது கேட்கிறது, கண் காண்கிறது. மறுநாள் பாடசாலைக்கு அனுப்பி, கையைக் கட்டு, வாயைப் பொத்து, பலகையைப் பார் என்கிறோம்!

என் தொழிலிலிருந்து ஒரு சான்று காட்டுகிறேன். 'கெ' என்று சொல்லிப் பாருங்கள். வாயில் ககரம் முந்துகிறது, எகரம் பிந்துகிறது. எழுத்திலோ கொம்பு முந்துகிறது, ககரம் பிந்துகிறது. 'கொ' என்பதில் கொம்பு ஒருபுறம், அரவு மறுபுறம். ஓர் உயிரொலி மெய்யை இரண்டு பக்கமும் வளைத்து நிற்கிறது. வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளை இங்கே தடுக்கி விழுவதில் வியப்பென்ன? கணினிக்குள் ஒருங்குறி முறையில் 'கெ' என்பதைச் சேமிக்கும்போது ககரமே முதலில் வைக்கப்படுகிறது. இயந்திரத்துக்குக் காதின் வரிசையைக் கொடுத்தோம். பிள்ளைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு காலத்தில் ஏடுகளில் எகர ஏகாரங்களுக்கு வடிவ வேற்றுமை தெரியாது. குறிலுக்குரிய புள்ளியை ஏட்டில் இடுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் இக்குறையை நீக்க வடிவ வேற்றுமை வகுத்தார் என்பர். அவர் மாணவரைக் குறில் இனம், நெடில் இனம் என்று பிரிக்கவில்லை. எழுத்தைத் திருத்தினார்.

ஆகவே நான் மூன்று நிறப் பெட்டிகளை விட்டேன். இப்போது மரத்தில் தனித்தனித் துண்டுகளாக எழுத்துகளைச் செய்கிறேன். பிள்ளை 'க்' என்று சொல்லிக் ககரத்தை வைக்கிறது. 'எ' என்று சொல்லிக் கொம்பை அதன் இடப்புறம் பொருத்துகிறது. பார்வை குன்றிய பிள்ளை தடவி அறிகிறது. செவி குன்றிய பிள்ளை கண்டு அறிகிறது. குறையொன்றுமில்லாத பிள்ளையும் அதே துண்டுகளால்தான் கற்கிறது. எல்லார்க்கும் ஒரே பெட்டி. விலை அதிகமில்லை; உளி பிடிக்கத் தெரிந்தவர் எவரும் செய்யலாம்.

கட்டடமும் அப்படியே. நம் பாடசாலைகளிற் பல மலைச்சரிவில் நிற்பவை. வாசலுக்குப் படியேற வேண்டும். அமெரிக்கரான ரொனால்ட் மேஸ் சிறுவயதில் போலியோவால் நடை இழந்தவர். பல்கலைக்கழகத்தில் அவரைப் படிகளில் தூக்கிச் சென்றார்கள். அவரே பின்னர் கட்டடக் கலைஞராகி, 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்ற கொள்கையை உலகுக்குத் தந்தார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம்: இதுதான் கணக்கு. சக்கர நாற்காலி ஏறும்; நிறைமாத ஆசிரியையும் ஏறுவார்.

இங்கே மிளகு பயிரிடுவோர் பலர் இருக்கிறீர்கள். கொடி தரையிற் படர்ந்தால் கொடியை ஏசுகிறீர்களா? தாங்குமரம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கிறீர்கள். அந்த அறிவைப் பாடசாலை வாசலில் ஏன் கழற்றி வைக்கிறீர்கள்?

இது இரந்து பெறும் தருமமன்று, உரிமை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அங்கக் குறைபாட்டைக் காரணமாகக் காட்டி எந்தப் பிள்ளையையும் கல்வி நிலையத்தில் சேர்க்க மறுக்கலாகாது என்கிறது. மறுத்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். சட்டம் சிங்களப் பிள்ளைக்கு ஒன்று, தமிழ்ப் பிள்ளைக்கு ஒன்று என்றில்லை. ஆனால் கண் தெரியாத, காது கேளாத பிள்ளைக்குத் தமிழில் கற்பிக்கும் இடம் எங்கே என்று கேட்டால், 1956 இல் தோன்றிய கைதடி நவீல்ட் பாடசாலையைக் காட்டுவார்கள். நற்பணி செய்த நிலையம் அது. எனினும் மாத்தளையிலிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர்! போர்க்காலத்தில் அவ்வீதியே பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. றத்தோட்டையில் கொழுந்தெடுக்கும் தாய் தன் ஆறு வயதுப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வருவாளா? இம்மாவட்டத்தில் தமிழர் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேர். தொகை குறைவு என்பது தமிழ்மொழி விசேட கல்வி ஆசிரியரை மறுப்பதற்குக் காரணமாகாது.

என் வேண்டுகோள் சிறியது. உங்கள் லயத்தில், உங்கள் கிராமத்தில் வீட்டோடு இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை இம்மாதத்துக்குள் அருகிலுள்ள பாடசாலை அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். சேர்க்க மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அதிபரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள், அந்தத் தாள் அவருக்கே துணையாகும். ஆசிரியர்கள் நாளைக் காலை எட்டு மணிக்கு வலப்புறக் கடைசி வாங்கில் ஒருமுறை உட்கார்ந்து பலகையைப் பாருங்கள். எழுத்துத் துண்டுகள் செய்ய விடுமுறையில் நான் கூலியின்றி வருகிறேன். மரம் நீங்கள் தர வேண்டும்.