62-வது சேனை
(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



செஞ்சேனையைப் பல சேனைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போட்டிருந்தார்கள். ஒரு சேனையில் பல டிவிஷன்கள். ஒரு டிவிஷனில் பல ஆயிரம் பேர். அப்படி 1942 ஜூலையில் டான் நதிப் பக்கம் நிறுத்தப்பட்டதுதான் 62-வது சேனை. எதிரே ஹிட்லரின் 6-வது சேனை. ஆரம்பத்தில் நம்மவர்களுக்கு அடிதான். பின்வாங்கினார்கள்.

ஆகஸ்ட் 23-ந் தேதி ஸ்டாலின்கிராட் நகரமே குண்டு வீச்சில் எரிந்தது. அன்றே ஜெர்மன் டாங்கிகள் நகருக்கு வடக்கே வால்கா நதியைத் தொட்டுவிட்டன. பக்கத்திலேயே டிராக்டர் தொழிற்சாலை. அங்கே டாங்கியும் செய்தார்கள். 62-வது சேனை இன்னும் மேற்கே தொலைவில் இருந்தது. யார் தடுப்பது? மெஷினை விட்டுவிட்டுத் துப்பாக்கி எடுத்தார்கள் தொழிலாளர்கள். தாங்கள் செய்த டாங்கியிலேயே ஏறிப் போனவர்களும் உண்டு.

செப்டம்பர் 12-ந் தேதி சேனைக்குத் தலைமை ஏற்றவர் சூய்க்கோவ். குடியானவர் மகன். பன்னிரண்டு வயதில் ஊரைவிட்டுப் பட்டணம் போய், குதிரையை முடுக்க அதிகாரிகள் பூட்ஸில் மாட்டும் இரும்பு முள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர்.

அவர் கண்ட யுக்தியைக் கேளுங்கள். ஜெர்மானியனுக்கு விமான பலம் அதிகம். ஆகவே அவனை விட்டு விலகாதே, கையெறி குண்டு எறியும் தூரத்திலேயே ஒட்டிக்கொண்டு இரு என்றார். அப்போது குண்டு போட்டால் அவன் ஆட்கள் மேலேயே விழுமல்லவா! பெரிய படை வரிசை கிடையாது. கையெறி குண்டு, கைத்துப்பாக்கி, மண்வெட்டி இவற்றோடு சின்னச் சின்னக் கோஷ்டிகள். ஒரு வீட்டுக்காக, அந்த வீட்டின் ஒரு மாடிக்காகச் சண்டை.

ஆளும் தோட்டாவும் ரொட்டியும் ஆற்றைக் கடந்துதான் வரவேண்டும். செப்டம்பர் நடுவில் ரோதிம்த்சேவின் டிவிஷன் சுமார் 10,000 பேரோடு, குண்டு மழையில் இரவிலே படகேறி வந்தது. முடிவில் அவர்களில் எஞ்சியவர் மிகச் சிலரே. அக்டோபர் 14-ல் டிராக்டர் தொழிற்சாலையும் பறிபோயிற்று. நவம்பரில் ஆற்றிலே பனிக்கட்டி மிதந்து படகையும் மறித்தது. சில இடங்களில் முதுகுக்குப் பின்னால் சில நூறு கெஜத்தில் தண்ணீர்!

பின்வாங்கக் கூடாதென்று ஜூலை 28-ந் தேதியிட்ட கடுமையான உத்தரவு இருந்தது. அதை மீறியதற்காகச் சுடப்பட்டவர்களும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பயம் மட்டும் ஒரு மனிதனை மாதக் கணக்கில் அந்த இடிபாட்டுக்குள் நிறுத்தி வைக்குமா?

இவர்கள் இங்கே எதிரியைக் கட்டிப் பிடித்திருந்த நாட்களில்தான் வேறு சேனைகள் வடக்கிலும் தெற்கிலும் ரகசியமாகத் திரண்டன. நவம்பர் 19-ல் அவை பாய்ந்தன. 23-ல் வளையம் மூடிற்று. 1943 பிப்ரவரி 2-ல் சண்டை ஓய்ந்தபோது சுமார் 91,000 பேர் கைதிகள். அவர்களின் தளபதி பவுலஸ் அதற்கு இரண்டு நாள் முன்பே சிக்கிவிட்டார்.

அந்த வருஷமே 62-வது சேனைக்கு 8-வது கார்ட்ஸ் சேனை என்ற கௌரவப் பெயர் கிடைத்தது. உக்ரேன், போலந்து வழியாக நடந்து 1945 ஏப்ரலில் பெர்லினுக்குள் நுழைந்தது. மே 1-ந் தேதி விடிவதற்கு முன், கிரெப்ஸ் என்ற ஜெர்மன் ஜெனரல் வெள்ளைக் கொடியோடு வந்து, ஹிட்லர் செத்துவிட்டான், சண்டையை நிறுத்திப் பேசலாம் என்றார். பேச்சு கிடையாது, நிபந்தனையில்லாமல் சரணடையுங்கள் என்று பதில் கிடைத்தது. மறுநாள் பெர்லின் சரணடைந்தது.

கிரெப்ஸை எதிரே உட்கார வைத்து அந்தப் பதிலைச் சொன்னவர், இரும்பு முள் பட்டறையில் வேலை பார்த்த அதே சூய்க்கோவ்தான்.