அரும்பை அடிப்பார்களா?

நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்திருக்கிற 'பாராட்டு' அணியினரே!

நான் கும்மிடிப்பூண்டிக்காரி. எங்க ஊர் சிப்காட்டில் அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து படுக்கிற நேரம்தான் பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம். ரெண்டு பேரும் நேருக்கு நேர் பார்க்கிறதே ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுற அன்னிக்குத்தான். (சிரிப்பு) அன்னிக்கும் முதல் கேள்வி என்ன? "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?"

எதிரணித் தலைவர் சொன்னார், பாராட்டிக்கிட்டே இருந்தா தன்னம்பிக்கை தானா வளரும்னு. ஐயா, 'ட' எது 'ப' எதுன்னு தடுமாறுகிற பிள்ளையிடம் "நீ சிங்கம்டா" என்றால் அது நம்புமா? தனக்கு வரலைன்னு அதுக்குத் தெரியும். நாம பொய் சொல்றோம்னும் தெரியும். அப்புறம் தெரியாததை மறைக்கத்தான் கத்துக்கும். பரீட்சை அன்னிக்கு வயிற்று வலி வரும்!

எங்க திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கினாங்க. கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால் பின்தங்கின சின்னப் பிள்ளைகளுக்காக வந்த திட்டம். அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு எழுத்தே வரலையா? அவன் அரும்பு. அங்கிருந்து ஆரம்பி, அவ்வளவுதான். 'மக்கு' என்றால் கதை முடிஞ்சு போச்சு. 'அரும்பு' என்றால் இன்னும் விரியப் போகுதுன்னு அர்த்தம். அரும்பைப் பார்த்து "பக்கத்துச் செடி பூத்திருச்சே, நீ ஏன் பூக்கலை"ன்னு யாராவது அடிப்பாங்களா? (கைதட்டல்)

ஆனா பேர் மாற்றினா மட்டும் போதாதுங்க. வீட்டில் "இன்னும் அரும்புதானா நீ?"ன்னு கேட்டுட்டா அதுவும் இன்னொரு ரேங்க்தான்.

எங்க தெருவில் ஒரு ஒடிசா குடும்பம். அப்பாவுக்குக் கம்பெனியில் வேலை. ரெண்டாம் வகுப்புப் பொண்ணு, தமிழில் எண்ண வராதுன்னு வகுப்பில் வாயே திறக்காது. ஒரு நாள் டீச்சர், "உன் பாஷையில் எண்ணு தாயி"ன்னாங்களாம். "ஏக, துய், தினி, சாரி, பாஞ்ச..." வகுப்பு மொத்தமும் அது பின்னாலேயே சொல்லுச்சாம். 'சாரி' வந்ததும் ஒரே சிரிப்பாம், அதுவும் சேர்ந்து சிரிச்சுதாம். அப்புறம் ஒரு வாரத்தில் அதுவா எழுந்து நின்னு தமிழில் கேட்டுச்சு: "டீச்சர், ஆறுக்கு அப்புறம் தெரியலை, சொல்லித் தாங்க."

அந்தக் குழந்தையை அன்னிக்கு யாரும் 'குட்'னுகூடச் சொல்லலை நடுவர் அவர்களே. அது எப்படி எழுந்து நின்னுச்சு? எதிரணி பதில் சொல்லட்டும். (பலத்த கைதட்டல்)