ஆய்வுப் பட்டமும் ஆலை வாயிலும்

(வானகரத்தில் நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை இடையில் விட்டுவிடாதிருக்க வேண்டுமே என்பதே ஒரு காலத்தில் நமது முதற்கவலையாக இருந்தது. இன்று வேதியியலிலும் இயற்பியலிலும் உயிரியலிலும் நம்மவர் முனைவர் பட்ட ஆய்வு செய்கின்றனர். இவ்வளர்ச்சி கண்டு மகிழும் வேளையில் புதியதொரு கவலையும் எழுகின்றது. பட்டம் பெற்றோர் கல்லூரி ஆசிரியர் பணி ஒன்றையே எதிர்நோக்கி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். பட்டியல் வகுப்பு மாணவர்க்கான தேசிய ஆய்வு உதவித்தொகை ஐந்தாண்டுகளுக்கு மேல் இல்லை. அது நின்ற மறுமாதமும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். வசதி படைத்தோர் காத்திருக்கலாம். நாம் காத்திருக்க இயலாது.

அண்ணல் அம்பேத்கர் 1923-இல் லண்டனில் பொருளியலில் உயர் ஆய்வுப் பட்டம் பெற்றார். ரூபாயைப் பற்றிய அவ்வாய்வு நூலகத்தில் உறங்கவில்லை. 1925-இல் இந்திய நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தபோது அவ்வறிவே துணை நின்றது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, நீர்ப்பாசனம், மின்சாரம் ஆகியவற்றின் திட்டங்களையும் வகுத்தார். கல்லூரியில் கற்பித்தவர்தாம், எனினும் கல்லூரியோடு நின்றாரில்லை.

அறிவியல் துறைக்குச் சான்று நம் சென்னையிலேயே உண்டு. 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற டாக்டர் நாயுடம்மா அதன் இயக்குநராக விளங்கி, ஆய்வகமும் தோல் பதனிடுவோரும் கைகோத்து நடக்க வழி செய்தார். தோலைத் தொட்டமைக்காக நம் முன்னோர் இழிவைச் சுமந்தனர். அதே தோலின் வேதியியல் இன்று உயர்கல்வியாகத் திகழ்கிறது!

பாலாற்றுப் பகுதித் தோல் ஆலைகளின் கழிவுநீர் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. கழிவைச் சுத்திகரித்தல் கட்டாயமாகவே, குரோமியத்தையும் உப்பையும் அளந்தறிந்து நீக்க வல்லோர் தேவைப்பட்டனர். கழிவுத் தொட்டியில் இறங்கி நச்சுவாயுவுக்கு உயிர் கொடுத்தவர் பெரும்பாலும் நம்மவரே. அவ்வாயுவை அளந்து எச்சரிப்பவரும், மனிதர் இறங்காமலே தொட்டியைத் தூய்மை செய்ய வழி காண்பவரும் நம்மவராதல் வேண்டாமா?

இதற்கான ஆயத்தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பின் தொடங்குவதன்று. ஆய்வின் முதலாண்டிலேயே தொடங்க வேண்டும்.

முதலாவதாக, இயக்கக் கற்ற கருவிகளையும் பழகிய சோதனை முறைகளையும் அவ்வப்போது குறித்து வைத்தல் வேண்டும். ஆலை நிர்வாகி ஆய்வேட்டின் தலைப்பைவிட, “எக்கருவியை இயக்குவீர்? பழுது நேர்ந்தால் காரணம் கண்டறிவீரா?” என்பதையே கேட்பார். இரண்டாவதாக, எழுத்தறியாத தாய்க்கும் விளங்குமாறு தம் ஆய்வை ஐந்து நிமிடத்தில் எடுத்துரைக்கப் பழக வேண்டும். மூன்றாவதாக, பிற வாயில்களை அறிந்திருத்தல் வேண்டும். ஆவடியில் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது அதுவே. கிண்டியில் கிங் ஆய்வகமும் காப்புரிமை அலுவலகமும் உள்ளன. அறிவியல் பட்டதாரிகள் தேர்வெழுதிக் காப்புரிமை முகவராகவும் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

கல்லூரிப் பணியிடங்களில் நமக்குரிய இடஒதுக்கீட்டைக் கைவிடுமாறு நாம் சொல்லவில்லை. அது நம் உரிமை. காலியிடங்களை நிரப்புமாறு தொடர்ந்து கோருவோம். ஆனால், தனியார் ஆலைகளில் இடஒதுக்கீடு இல்லை. அங்கே வேலை பற்றிய செய்தி பெரிதும் உறவின் வழியும் நட்பின் வழியும் பரவுகிறது. முதல் தலைமுறையாகப் படித்து வந்த நம் பிள்ளைகளுக்கு அத்தகைய உறவு ஏது?

அவ்வுறவாக நம் சங்கமே நிற்கட்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடியிலும் பணிபுரியும் நம் உறுப்பினர்களின் பட்டியலை ஆயத்தம் செய்வோம். ஒவ்வோர் ஆய்வு மாணவரையும் அவர்களுள் ஒருவரிடம் ஒப்படைப்போம். லேத் இயக்கும் அண்ணனாயினும் ஆலையின் நடைமுறையை அவர் நன்கறிவார். முனைவர் பட்டம் பெறவிருக்கும் தம்பியும் தங்கையும் அவரிடம் அடக்கத்துடன் கேட்டறியட்டும். அவருடைய பிள்ளைகளுக்கு அறிவியல் கற்றுக் கொடுக்கட்டும். இக்கொடுக்கல் வாங்கலே இந்த வெள்ளி விழாவின் பயனாக அமையட்டும்.

வாழ்க அண்ணலின் புகழ்!